பக்க ஓரத்தில்

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு
தீவனக் கிடங்கின் பின்னால், சரளைக்கல் மேட்டில்
நூலக வண்டியை நிறுத்துவேன்.
ஓஹையோ, ஹோம்ஸ் மாவட்டம்.
குதிரைகள் எனக்கு முன்பே வந்து நிற்கும்.

"நல்லதாக ஒன்று சொல்லுங்கள்" என்பார்கள்.
முத்தம் இருந்தால் கடைசிப் பக்கத்தில்,
கொலை இருந்தால் முதல் பக்கத்தோடு சரி,
நடுவில் கர்த்தர் இருக்கட்டும்.
எது எங்கே என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் தட்டு முழுக்க வெண்தொப்பிப் பெண்கள்.
எல்லா அட்டையிலும் கோதுமை வயல்,
எல்லா உதட்டிலும் யாரும் கவனிக்காத சாயம்.
எழுதியவர்கள் ஆமிஷ் அல்ல.
எடுத்துப் போகிறவர்களில் பாதிப்பேர் ஆமிஷ்.
தங்களைப் பற்றி அடுத்தவர் கட்டிய கதையை
பால் வாசம் போகாத கையோடு வந்து வாங்குகிறார்கள்,
தெருவில் போகும்போது கடைக் கண்ணாடியில்
தன்னைத் தானே பார்த்துக்கொள்வது போல.

பென்சில் மார்ச் மாதம் தொடங்கியது.
பனிப்புயலில் வண்டி கவிழ்கிற கதை, பக்கம் நாற்பத்தொன்று:
*சனிக்கிழமை இங்கே யாருக்கும் கல்யாணம் நடக்காது.*
அறுபது:
*சாப்பாட்டு ஜெபம் சத்தமாக இல்லை. தலை குனிவோம்.*
நூற்றிரண்டு:
*பசுவை மத்தியானம் கறக்கிறார்கள். பாவம் பசு.*

விதிப்படி அழிக்க வேண்டும்.
அழித்தேன், சிலதை.
பிறகு படித்துவிட்டு அழித்தேன்.
பிறகு படித்தேன்.

ஜூனில் இன்னொரு கை. சாய்ந்த எழுத்து, நீல மை.
பசுவுக்குக் கீழே:
*பசுவை விடு. அவன் ஏன் அவள் கடிதத்தைப் பிரிக்காமல் எரித்தான்?*
அடுத்த மாதம், பென்சில்:
*பிரித்தால் பதில் எழுத வேண்டிவரும்.*

பதினோரு வருடமாக இந்தத் தட்டைப் படித்தவள் நான்.
எனக்கா தெரியாது?
பென்சில் யாரென்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகவில்லை:
லொவீனா ஹெர்ஷ்பெர்கர், பலகை ஆலையில் கணக்கு எழுதுகிறவள்,
முப்பத்தெட்டு வயது, தனியாள்,
தொப்பி நாடாவுக்கும் காதுக்கும் நடுவே
பென்சில் செருகியபடியேதான் வருவாள்.
நீல மைக்கு மாஹ்லன் கீமைப் பிடித்தேன்.
மனைவியை இழந்தவர், நான்கு பிள்ளைகள், துப்பறியும் கதை மட்டும்.
புயல் கதையை நானே அவர் கையில் திணித்தேன்.
கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் திருப்பித் தந்தார்.
"இதில் யாருமே சாகவில்லையே" என்றார்.

அக்டோபரில் மில்லர்ஸ்பர்க் கிளையில் ஆள் இல்லாத ஒரு நாள்
என்னை உட்கார வைத்தார்கள்.
பல் மருத்துவமனைச் சட்டை, கத்தரித்த முடி, கையில் கார் சாவி,
முன்பதிவுச் சீட்டை நீல மையில் நிரப்பிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
எழுத்து வலப்பக்கம் சாய்ந்தது.
நிமிர்ந்தாள். லொவீனாவின் தாடை.
பெயர்: அர்லீன் ஹெர்ஷ்பெர்கர்.

கேட்கவில்லை. கேட்காமலே ஊர் சொல்லும்:
ஞானஸ்நானம் வாங்கிய பிறகு போனவள். பத்தொன்பது வருடம்.
அவளோடு ஒரே மேசையில் அவர்கள் சாப்பிடக் கூடாது.
அவள் கை நீட்டித் தருவதை இவள் கை வாங்கக் கூடாது.
எங்காவது கீழே வைத்தால்
எடுத்துக்கொள்ளலாம்.

தலைமை அலுவலகம் கிழிந்த பிரதிகளைக் கழிக்கச் சொல்கிறது.
புயல் கதையின் முதுகு விட்டுப்போய்விட்டது.
டேப் ஒட்டினேன், பசை கையெல்லாம்.
தட்டில் வைக்கும் முன் கடைசிப் பக்கம் திறந்துகொண்டது.
அந்த முத்தம். அதற்குக் கீழே பென்சில்:
*அம்மாவுக்கு ஒரு கண் தெரிவதில்லை.*
நீலம்:
*எந்தக் கண்?*
பென்சில்:
*இடது.*